வெளுத்த கண்

கம்பவுண்டர் சவரிமுத்துவுக்கு வயசு ஐம்பத்தாறு. அவர் குரு என்று கும்பிடுகிற கண் டாக்டர் குமுதவல்லிக்கு முப்பத்தொன்பது. ஊரே கேலி பேசியது. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று ஆறு வருஷமாக அந்த அம்மா பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டிருந்தார் மனுஷர்.

அன்று மனைவி லூர்தம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். களை பறிக்கையில் அவள் கண்ணை நெல்தாள் கீறிப் பத்து நாள் ஆகியிருந்தது. கண் ரத்தமாகச் சிவந்ததும், தன் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சம் கிடந்ததை எடுத்து இவரே விட்டுவிட்டார். இரண்டே நாளில் கண் சோழி மாதிரி வெளுத்துப் போனது.

“சிவப்பு போயிடுச்சு டாக்டரம்மா. இவதான் மங்குது, கூசுதுன்னு உயிரை வாங்குறா. சும்மா இருடின்னாலும் கேக்க மாட்டேங்குறா.”

“கண்ணு என்னுது. எனக்குத் தெரியாதா?” என்றாள் லூர்தம்மாள்.

டாக்டர் லூர்தம்மாளின் இமையைத் தாழ்த்தி புண் இருந்தால் காட்டிக்கொடுக்கும் மஞ்சள் சாயத்தாளைத் தொட்டு எடுத்தார். “அண்ணி, தாடையை இதுல வைங்க.” கருவியில் நீல விளக்கைப் போட்டார். “சவரியண்ணே, நீங்களே பாருங்க.”

சவரிமுத்து குனிந்து பார்த்தார். அம்மாடியோ! கருவிழியின் ஓரத்தில் பச்சையாக ஜொலித்துக்கொண்டிருந்தது ஒரு புண். அதன் விளிம்பெல்லாம் இறகு இறகாகப் பிரிந்திருந்தது. முப்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற கண்ணுக்குள் இப்படி ஒன்றா? அழகாக வேறு இருந்து தொலைத்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“இவ்வளவு வெளுத்த கண்ணுலயா?”

“பூஞ்சை மாதிரி தெரியுது. இப்பவே சுரண்டி எடுத்துப் பாத்துடுவோம். அந்தச் சொட்டை இனி தொடாதீங்க.”

“பார்வை...?”

“புண்ணு ஓரத்துலதான் இருக்கு. காப்பாத்தப் பார்க்கிறேன். நடுவுக்கு வந்திருந்தா என் கையில ஒண்ணும் இல்ல.”

சவரிமுத்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாவி, என் கையாலேயே விட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

“அதே மருந்துதானேம்மா என் கண்ணைக் காப்பாத்துச்சு? இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?”

அவர் கொண்டுவந்திருந்த சொட்டு மருந்துப் பாட்டிலை டாக்டர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இதுல ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சை அதுக்கு அசையாது. இன்னொண்ணு ஸ்டீராய்டு. கண்ணு போடுற கூச்சலை அது அடக்கிடும். அந்தச் சிவப்புதான் கூச்சல். கூச்சல் அடங்கிட்டா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.”

“என் கண்ணையும் அது அடக்கித்தானே வச்சிருந்துச்சு?”

“ஆமாண்ணே. உங்க கண்ணை அடக்கிட்டு, புண்ணு வருதா, அழுத்தம் ஏறுதான்னு நான் உள்ள பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க அண்ணி கண்ணை அடக்கிட்டு, அவங்க வாயையும்ல அடக்குனீங்க?”