பதினான்காம் பக்கத்துத் திருத்தம்

விண்வெளிக்கு மனிதனை அனுப்ப அமெரிக்கா ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம். அப்போது கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் அல்ல, உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். பெரும்பாலும் பெண்.

தெற்கே, கடலோர ஊர் ஒன்றில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்பது கறுப்பினப் பெண்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டடம், தனிக் கழிப்பறை. உணவுக்கூடத்தில் மூலையில் தனி மேசை.

அந்த அறைக்குத் தலைவர் லுவெல்லா பிரைட். வயது முப்பத்திரண்டு. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரிடம் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்த ஐனெஸ் டக்கருக்கோ நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இருந்தாலும் லுவெல்லா ஓர் எண்ணைப் பென்சிலால் சுழித்துவிட்டால், ஏன் என்று கேட்காமல் முதல் வரியிலிருந்து மறுபடி போடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டச்சாகி வந்த அறிக்கை ஒன்று சரிபார்ப்பதற்காக ஐனெஸின் மேசைக்கு வந்தது. மேலேயிருந்து இறங்கும் விண்கலம் கடலில் எந்த இடத்தில் விழும் என்பதைப் பற்றிய அறிக்கை. ஏழு வாரம் ராப்பகலாக அவர் தலைக்குள் ஓடிய கணக்கு அது. அட்டையில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ராய் விட்கம், பொறியாளர்.

ஐனெஸ் அதை எடுத்துக்கொண்டுபோய் லுவெல்லாவின் முன்னால் வைத்தார்.

“இதில் என் பெயர் எங்கே?”

லுவெல்லா அட்டையைப் பார்த்தார். “இல்லை.”

“பெயர் இல்லாத வேலையை ஒருத்தி எதற்காகச் செய்ய வேண்டும், மிஸ் பிரைட்? பள்ளியில் பிள்ளைகளாவது என்னை மிஸஸ் டக்கர் என்று கூப்பிட்டார்கள். நான் அங்கேயே போய்விடுகிறேன்.”

லுவெல்லா பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“வாருங்கள்.”

“எங்கே?”

“விட்கமிடம்.”

பொறியாளர்களின் கட்டடம் விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். வெயிலில் பதினைந்து நிமிட நடை. வழி நெடுக ஐனெஸ் மனதுக்குள் சுடுசொற்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே வந்தார்.

விட்கம் நாற்காலியை விட்டு எழவில்லை. “சொல், லுவெல்லா.”

“இந்தக் கணக்கைப் போட்டவர் மிஸஸ் ஐனெஸ் டக்கர். அட்டையில் அவர் பெயர் வர வேண்டும்.”

“கணக்குப் போடுகிறவர்களின் பெயரைப் போடுகிற வழக்கம் இங்கே இல்லையே. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அவர் பெயர் வர வேண்டும்.”

“நாளைக்கு இது அச்சுக்குப் போகிறது.”

“அதனால்தான் இன்றைக்கு வந்தோம்.”

விட்கம் நெற்றியைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. வழக்கத்தை மீறிப் பழகாதவர். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அறிக்கையைப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது? நான் கொடுத்த சூத்திரத்தில் இது கிடையாதே.”

லுவெல்லா ஐனெஸ் பக்கம் திரும்பினார்.

வழியில் பொறுக்கிய சொற்களில் ஒன்றுகூட ஐனெஸின் வாயில் வரவில்லை. கணக்குத்தான் வந்தது.

“நீங்கள் பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டீர்கள், மிஸ்டர் விட்கம். அது இடுப்பில் கொஞ்சம் பருத்தது.”

அனுமதி கேட்காமல் சுண்ணக்கட்டியை எடுத்தார். கரும்பலகையின் இடது ஓரத்தில் தொடங்கினார். வலது ஓரம் வந்ததும் மேலே அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அரைமணி நேரம் ஆயிற்று. விட்கம் எழுந்து வந்து பலகையருகில் நின்றார். இரண்டு இடத்தில் மடக்கிக் கேட்டார். இரண்டு இடத்திலும் ஐனெஸ் அசையவில்லை.

கடைசியில் பலகையில் இரண்டு புள்ளிகள் வைத்தார்.

“உங்கள் சூத்திரப்படி மீட்புக் கப்பல் இங்கே காத்துக்கொண்டிருக்கும். விண்வெளிக்குப் போய் வந்த மனிதர் அங்கே மிதந்துகொண்டிருப்பார். நடுவில் இருபது மைல் கடல்.”

விட்கம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறிக்கையைப் பரிசீலிக்கும் குழு இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது” என்றார்.

பிறகு மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

“உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும், மிஸஸ் டக்கர்?”

ஐனெஸ் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். தன் பெயருக்குக் கீழே விட்கம் அதை எழுதினார்.

திரும்பி நடக்கும்போது ஐனெஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடுபாதையைத் தாண்டிய பிறகுதான் ஒரு பயம் பின்னாலேயே வந்து பிடித்தது.

“அவர் கடைசிவரை மறுத்திருந்தால்?”

“அடுத்த அறிக்கைக்கு வந்து கேட்டிருப்பேன்.”

“இதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்களா?”

“நம் அறையிலிருந்து போன ஒவ்வோர் அறிக்கைக்கும்.”

“இன்றைக்கு முன்னால் எத்தனை?”

“முப்பது.”

“எத்தனையில் நம் பெயர் வந்தது?”

“ஒன்றிலும் இல்லை.”

ஐனெஸ் நின்றுவிட்டார். “அந்த முப்பதில் உங்களுடையது எத்தனை?”

“பதினொன்று.”

லுவெல்லா நடந்துகொண்டே இருந்தார். ஐனெஸ் எட்டி நடைபோட்டுத்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“மிஸ் பிரைட், முப்பது தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை கேட்கப் போகிறவர் மாதிரி இன்றைக்குக் கிளம்பினீர்களே. எப்படி முடிந்தது?”

லுவெல்லா தங்கள் கட்டடத்தின் கதவைத் திறந்து, ஐனெஸ் முதலில் நுழையட்டும் என்று பிடித்துக்கொண்டார்.

“முப்பது தடவையும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது, மிஸஸ் டக்கர்.”