உள்ளங்கை மறைத்த எண்

"பத்தொன்பது வருஷம், மேடம். முதுகுல மயக்க மருந்து போட்டதும் தாயோட ரத்த அழுத்தம் சரியும். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஊசியைத் தள்ளி நிமிர்த்தினேன். இனி மெஷினே அளக்கும், மெஷினே தள்ளும்னு சொல்றீங்க. நான் எதுக்கு?"

கேட்டவர் மயக்கவியல் மருத்துவர் திருமேனி. கேட்கப்பட்டவர் அவரினும் பன்னிரண்டு வயது இளையவர்; அக்கருவியை இயக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் டாக்டர் ஜெசிந்தா.

ஜெசிந்தா அறுவை மேசையின் தலைமாட்டில் அவருக்கு முக்காலியொன்றை இழுத்துப் போட்டார்.

மேசையில் பவழம் படுத்திருந்தாள். நிறைமாதம். முதுகில் ஊசி போட்டாயிற்று; அறுவை இன்னும் தொடங்கவில்லை.

"காலைக் காணோமே டாக்டர், யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"பத்திரமா இருக்கும்மா. பிள்ளையோட சேர்த்துத் தந்துடுவோம்" என்றார் திருமேனி.

திரையில் அழுத்தம் நூற்றுப் பதினெட்டு. அடுத்த நிமிடமும் அதுவே. அதற்கடுத்த நிமிடமும் அதுவே.

"அசைய மாட்டேங்குது. என்னால இப்படி நிறுத்த முடியாது" என்றார். அது பாராட்டு அன்று.

ஜெசிந்தா அந்த எண்ணைத் தம் உள்ளங்கையால் மூடினார்.

"தாய் எப்படி இருக்காங்க, சார்?"

"எண்ணை மறைச்சுட்டுக் கேட்டா?"

கை விலகவில்லை.

திருமேனி குனிந்தார். பவழத்தின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை.

"என்னம்மா செய்யுது?"

"வயித்தைப் பெரட்டுது டாக்டர்... என்னமோ மாதிரி இருக்கு."

அவர் கருவியைப் பார்த்தார். தொடக்கத்தில் செலுத்தியதைப்போல் மும்மடங்கு, அழுத்தத்தை ஏற்றும் மருந்தை அது செலுத்திக்கொண்டிருந்தது. அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்க அத்தனை பாடு.

ஏன்?

போர்வையை விலக்கினார். உடல் இடப்புறம் சாய்ந்திருக்க வலது இடுப்பின் கீழ் வைத்த துணிமடிப்பு நழுவிக் கிடந்தது. மல்லாந்துவிட்ட உடலில் கருப்பையின் பாரமெல்லாம் முதுகையொட்டிய பெரிய இரத்தக் குழாய்களை அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறைந்துகொண்டிருந்தது.

"மேசையை இடப்பக்கம் சாய்ங்க, சிஸ்டர்! சீக்கிரம்!"

இரு கைகளாலும் வயிற்றை இடப்புறம் தள்ளிப் பிடித்தார். செவிலி துணிமடிப்பை மீண்டும் செருகினார்.

மருந்தின் வேகம் தானே தணிந்தது. பவழத்தின் உதட்டில் நிறம் ஏறியது.

சற்றைக்கெல்லாம் அறுவையறை அதிரப் பெண் குழந்தை வீறிட்டது.

"இவ்வளவு சத்தமா! எங்க மாமியார் தோத்தாங்க" என்று சிரித்தாள் பவழம்.

திருமேனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

ஜெசிந்தா கைகூப்பினார்.

"நாளைக்கு நாலு டாக்டர்கள் மெஷின் பழக வர்றாங்க. வகுப்பை நீங்க நடத்துங்க, சார்."

"எனக்கு இதுல ஒரு பொத்தான்கூடத் தெரியாதே!"

"பொத்தானை நான் சொல்லிக்கொடுத்துக்கிறேன்."