பொட்டலத்தின் முன்பக்கம்

தவமணி அம்மையாரின் மடத்துச் சத்துமாவுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர். பொட்டலத்தின் முன்பக்கம் முழுக்க அம்மையாரின் சிரித்த முகம். மாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் பின்னால், எறும்பு எழுத்தில், அதுவும் பாதி ஒட்டிய மடிப்புக்குள் போயிருக்கும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வாங்குகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மடத்துக் கடையைப் பார்த்துக்கொள்பவர் தணிகாசலம். அம்மையாரைவிட வயதில் மூத்த சீடர். பக்தியில் அவரைக் குறை சொல்ல முடியாது. முன்கோபத்திலும்தான்.

ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடத்துச் சமையற்கட்டுக்கு வந்தார். அம்மையார் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

“தாயே, நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நம்ம மாவைக் கொடுக்கலாமா?”

“யாருக்கு நம்பிக்கை இல்லே?”

“இப்போ ஒரு பொண்ணு வந்தா, சின்னப் பையனோட. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. மடிப்பைப் பிரிச்சுப் பாக்கலாமாங்கறா. வேர்க்கடலை இருக்கா, வேர்க்கடலை இருக்கான்னு ஒரே குடைச்சல்.”

“எதுக்குக் கேட்டா?”

“அது பட்டாலே பையனுக்கு மூச்சு இழுக்குமாம். எனக்கு வந்ததே கோபம்! ‘தாயோட முகமே போட்டிருக்கு, அதுக்கு மேல என்னம்மா வேணும்’னு கேட்டேன். வாயடைச்சுப் போயிட்டா. கன்னத்துல போட்டுக்கிட்டு, வாங்கிட்டு பஸ்ஸுக்குப் போனா.”

புளித் தண்ணீரில் அம்மையாரின் கை அப்படியே நின்றது.

“இருக்கா, தணிகாசலம்?”

“என்னது, தாயே?”

“வேர்க்கடலை.”

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். முந்தின நாள் அதை வறுத்துப் போட்டவரே அவர்தான்.

அம்மையார் கையைக்கூடக் கழுவவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமாக ஓடினார். பின்னாலேயே தணிகாசலம் மூச்சிரைக்க ஓடினார். பஸ் கிளம்பிவிட்டிருந்தது. அம்மையார் நடுரோட்டில் போய் நின்றார். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார்.

ஜன்னலோரம் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. தாயே தேடி வந்திருக்கிறார்! ஆசீர்வாதம் வாங்கப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை.

அம்மையார் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“இதுல வேர்க்கடலை இருக்கும்மா. பிள்ளைக்குக் குடுத்துடாதே.”

அவள் பையனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க தாயே. கேட்டதே தப்போன்னு நெனச்சுட்டேன்...”

“எந்தக் கடைக்குப் போனாலும் கேளு. பதில் சொல்ற வரைக்கும் கேளு. எங்க கடையில இன்னும் சத்தமாக் கேளு.”

பஸ் போய்விட்டது. திரும்பும் வழியில் தணிகாசலம் அழுதேவிட்டார். அம்மையார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

மடத்து வாசலுக்கு வந்ததும் மெல்லக் கேட்டார்.

“தாயே, பொட்டலத்துல இருந்து உங்க படத்தை எடுத்துடட்டுமா?”

அம்மையார் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நான் இருந்துட்டுப் போறேன். பின்னால, அந்த மடிப்புக்குள்ள போடு. முன்பக்கம் வேர்க்கடலைக்கு வேணும்.”