வடக்கு ஓரம்

ஜெபக் கூட்டத்துக்கு வரும் வயலட் மதினி இதை எனக்கு முதன்முதலில் சொன்னது போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில். அவர்கள் தம்பி அருளப்பனுக்கு நடந்தது. பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாரே, அவர்தான்.

“எல்லாருக்கும் காட்டின ஆண்டவர் எனக்கு மட்டும் ஏன் டீச்சர் காட்டல?”

அருளப்பன் டீச்சர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான்.

ஜெபக்கனி டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் இரவில் வானம் பார்க்கிற அருளப்பனின் சின்னக் கூட்டத்துக்கு அவர்தான் குரு. உட்காரச் சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தார்.

விஷயம் இதுதான். வானத்தில் ஒரு சிறுகோள், அவர்கள் பேச்சில் வெறும் கல், அன்று விடியுமுன்னே ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனது. கல் கண்ணுக்குத் தெரியாது. அது மறைக்கையில் நட்சத்திரம் கொஞ்ச நேரம் அணையும். எந்த ஊரில் எவ்வளவு நேரம் அணைந்தது என்று தெரிந்தால் கல்லின் உருவத்தையே வரைந்துவிடலாமாம்.

அதற்காகக் கூட்டத்தில் ஐந்து பேர், தெற்கிலிருந்து வடக்காக ஐந்து ஊரில், தொலைநோக்கியில் கேமராவை மாட்டி வைத்துக் காத்திருந்தார்கள். வடக்கே கடைசி ஊர் அருளப்பனுக்கு.

நாலு ஊரில் அணைந்தது. அவர் ஊரில் மட்டும் நட்சத்திரம் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

போனில் மற்றவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கல்லுக்கு அண்ணாச்சி முகம் பிடிக்கலபோல என்று ஒருவன் சீண்டினான்.

ஸ்டூடியோவில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் மூடின படம், தலை ஆடின படம் எதையும், எடுக்க வந்தவர்கள் பார்க்கும் முன்னே அழித்துவிடுவார். அன்றைக்கும் கை தானாகப் போனது. நட்சத்திரம் அணையாத அந்தப் படத்தை அழித்துவிட்டு, கேமரா ஓடவில்லை என்று டீச்சருக்குச் சொல்லிவிட்டார்.

டீச்சர் இப்போது ஒரு தாளை விரித்தார்.

நாலு ஊருக்கு நாலு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் நட்சத்திரம் அணைந்த நேரத்துக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிகளின் ஓரங்களைச் சேர்த்தால் கல் தெரிந்தது. தெற்கே ஒரு முனையாய்க் குறுகி, நடுவில் பருத்து, வடக்கே போகப் போக...

டீச்சர் பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

“வடக்கே கல் எதுவரைக்கும் இருக்கு, அண்ணாச்சி? வரைங்க.”

பென்சில் நாலாவது கோட்டைத் தாண்டியது. நின்றது.

“இதுக்கு மேல எப்படித் தெரியும் டீச்சர்? எங்கே வேணும்னாலும் முடியலாமே.”

“அணையாத கோடு ஒண்ணு இதுக்கு மேல ஓடியிருந்தா?”

அப்படியானால் கல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்திருக்க வேண்டும் என்று அருளப்பனுக்குப் புரிந்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

“எனக்கு அணையல, டீச்சர். கடைசிவரைக்கும் எரிஞ்சுது. நான் பார்த்தேன்.”

“படம்?”

“அழிச்சிட்டேன்.”

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அருளப்பன் மதினியிடம் பிறகு சொன்னாராம்.

“உங்க வார்த்தைய நான் நம்புறேன், அண்ணாச்சி. கோடு போட அது பத்தாது.”

“அந்தக் கல்லு திரும்ப வருமா?”

“வரும். இந்த நட்சத்திரத்துக்கு முன்னால, நம்ம ஊருக்கு மேல, நம்ம காலத்துல வராது.”

தாளை அவரிடமே கொடுத்துவிட்டு டீச்சர் காபி போட எழுந்து போனார்.

அருளப்பன் அதற்குச் சட்டம் போட்டு, கல்யாணப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். மூன்று பக்கமும் மூடி, வடக்கே திறந்து கிடக்கிற ஒரு கல்.

அந்தப் பக்கம் போட்டோ எடுக்கப் போனீர்களானால், அது ஏன் பாதியில் நிற்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.