மறுபடியும் நறுக்கின பீன்ஸ்

என் முட்டி ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப் போச்சு. டாக்டர் தேதி குடுக்கிறதும், இவுக "இப்ப முடியாது"ங்கிறதும்தான் நடக்குது. இவுகன்னா என் வீட்டுக்காரக, ஆவுடையப்பன். எங்க ஊர் நூலகத்துக்குத் தலைமை நூலகர். ஒரு மாசம் லீவு போட்டா நூலகமே கவுந்துருமாம்.

எனக்குப் பொறுமை போச்சு.

"பக்கத்து ஊர் லைப்ரரிய ஷமீம் பானு நடத்துதால்லா? ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தா. அங்க ஒரு நாளாவது பூட்டிக் கிடந்துச்சா? அவகிட்டக் கேளுங்க."

தன்னைவிடச் சின்னவகிட்டக் கேக்கவான்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாக. என் முட்டி வீங்கினதும் இறங்கி வந்தாக.

ஷமீம் ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்தா. இவுக சமையலுக்காக நூலகத்துல இருந்து ஓடி வந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தாக. நான் கால நீட்டிக் கட்டில்ல கிடந்தேன்.

"வேலை நாள்ல எப்படி மேடம் வந்தீங்க?"

"லீவு போட்டேன் சார்."

"லீவு!" இவுக பெருமூச்சு விட்டாக. "சரி, இன்னைக்கு நீங்க குரு, நான் சிஷ்யன். சொல்லுங்க, என்கிட்ட இருக்கிற மூணு பேருக்கும் பொறுப்பு எப்ப வரும்?"

"நீங்க என்ன செய்யுதீங்க?"

"என்ன செய்யல? புத்தகத்த அடுக்குதாங்க, ஒழுங்கா இருக்காது. நான் இறக்கி மறுபடியும் அடுக்குதேன். அறிவிப்புப் பலகையில எழுதுதாங்க, அழிச்சிட்டு நானே எழுதுதேன். இப்ப ஒருத்தரும் அலமாரிப் பக்கமே போறதில்ல. ஏன்னு கேட்டா அந்தச் செல்வராணி சொல்லுதா, 'எப்படியும் நீங்க மறுபடியும் செய்யத்தான போறீங்க சார்'னு. என்ன திமிரு பாருங்க!"

ஷமீம், இவுக நறுக்கின பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தா. ஒவ்வொரு துண்டா எடுத்து மறுபடியும் நறுக்க ஆரம்பிச்சா.

"பெருசா இருக்கோ மேடம்?"

"கொஞ்சம்."

இவுக அடுத்த கைப்பிடியப் பொடுசா நறுக்கினாக. அவ அதையும் எடுத்து நறுக்கினா. இவுக தேங்காய் துருவ உக்காந்தாக. அவ மூடியப் பிடுங்கித் தானே துருவினா. இவுக களைஞ்சு வச்ச அரிசிய மறுபடியும் களைஞ்சா. எனக்கே கோவம் வந்துச்சு. அடுத்தவ அடுப்படியில வந்து இப்படியும் ஒரு பொம்பள செய்வாளா?

இவுக கத்தியத் தட்டுல டங்குன்னு போட்டாக.

"நல்லாருக்கே மேடம்! எப்படியும் நீங்க மறுபடியும் செய்யத்தான போறீங்க. பெறகு நான் எதுக்கு..."

அப்படியே நின்னுட்டாக. தெறந்த வாய் மூடல.

அந்த நேரம் பாத்துப் போன் அடிச்சுது. கையெல்லாம் ஈரம். ஸ்பீக்கர்ல போட்டாக. செல்வராணிதான்.

"சார், சிறுவர் புத்தகம் ஒரு கட்டு வந்திருக்கு. நீங்க வந்து அடுக்குற வரைக்கும் மூலையில போட்டு வைக்கவா?"

இவுக வாயெடுத்தாக. ஷமீமப் பாத்தாக. நான் முட்டிய நீவிக்கிட்டே இவுகளையே பாத்தேன்.

"நீயே அடுக்கிரும்மா."

"நானா சார்?"

"நீதான்."

சொல்லிட்டாகளே தவிர மனசு கேக்கல. போனை உள்ளங்கையால பொத்திக்கிட்டு ஷமீம்கிட்டக் குனிஞ்சாக.

"தப்பா அடுக்கிட்டான்னா?"

ஷமீம் பீன்ஸ் தட்டை இவுக பக்கமே தள்ளி விட்டா.

"அடுக்கட்டும் சார். நீங்க ஆஸ்பத்திரியில அக்கா பக்கத்துல உக்காந்திருப்பீங்க. உங்க கண்ணுல படாது."