சொல்லிவிட்டு விற்பவள்

கோபம் வராதவர்கள் இந்தப் புதிருக்கு விடை தேட வேண்டாம். ஆத்திரத்தில் நடந்த கதை, ஆத்திரத்தோடுதான் கேட்க வேண்டும்.

வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டர். அங்கே ஒரு வீடியோ கேமுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் தாட்சாயணி. ஆடுகிறவனோடு கதை முழுக்கத் துணைக்கு வரும் கொற்றி என்பவளின் குரல் அது. கொற்றி நல்லவள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. திருடுவாள், கடத்துவாள், அதிகம் தருகிற பக்கம் சாய்வாள். ஆனால் அவளுக்கும் ஒரு நெறி உண்டு. யாரை விற்றாலும் முதல் நாளே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் விற்பாள். முதல் பாகத்தில் தன் கப்பல் தலைவனிடம் அப்படித்தான் சொன்னாள். விளையாடுகிறாள் என்று அவன் சிரித்தான்; மறுநாள் விலங்கோடு அழுதான். சினிமா நாயகிகளுக்காக அழுது அழுதே தொண்டை தேய்ந்துபோன தாட்சாயணிக்கு, அந்த ஒரு நெறிக்காகவே கொற்றியைப் பிடித்துப்போயிற்று.

கடைசிப் பாகத்தின் வசனம் வந்தது. விற்பதற்கு முந்தின இரவு கொற்றி ஆடுகிறவனிடம், "நிம்மதியாகத் தூங்கு, நான் காவலிருக்கிறேன்" என்கிறாள். விடிந்ததும் அவனை விற்றுவிடுகிறாள். படித்ததும் தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை நாள் கட்டிய ஒருத்தியை ஒரே வரியில் கொன்றுவிட்டார்களே!

எழுதியவளும் வசனத்துக்குப் பொறுப்பானவளும் லூர்துமேரி. முதலில் எழுதியவர் பாதியில் விலகிப்போனதால் புதிதாகச் சேர்ந்த பெண். "முதல் பாகத்தை எனக்குக் காட்டவே இல்லைக்கா. கெட்டவ, கடைசியில துரோகம் பண்ணுவா, யாரும் எதிர்பார்க்கக் கூடாது. சார் சொன்னது அவ்வளவுதான்" என்றாள்.

அந்த சார், நிறுவனத்தின் தலைவர் கஜேந்திரன். தாட்சாயணியைத் தவிர இரண்டு பாகத்தையும் படித்தவர் அவர் ஒருவர்தான். தாட்சாயணி நேரே போய் நியாயம் கேட்டாள். ஆடுகிறவனுக்கு அதிர்ச்சி வேண்டும், நெறியெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்றார் அவர். ஒரு வார்த்தைகூட மாற்றுவதில்லை என்று அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதையும் நினைவூட்டினார்.

"அப்போ இப்பவே சொல்லிடறேன் சார். நாளைக்கு அந்த வரியை மாத்தித்தான் பேசுவேன். அப்புறம் தெரியாதுன்னு சொல்லாதீங்க."

கஜேந்திரன் சிரித்தார். கொற்றியாகவே மாறிவிட்டீர்களே என்று பாராட்டவும் செய்தார். வெளியிடும் அவசரத்தில், பிறகு அவள் பேசியதைக் கேட்டுப்பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

மறுநாள் மைக் முன்னால் தாட்சாயணி பேசினாள்: "நாளை உன்னை விற்கப்போகிறேன். ஓடுவதானால் இப்போதே ஓடு."

வெளியே பெஞ்சில் காத்திருந்த லூர்துமேரி சுக்கு வெந்நீரை நீட்டினாள். "நான் எழுதின வரி நல்லா வந்துச்சாக்கா?"

"வந்துச்சு" என்று சொல்லி வெந்நீரைக் குடித்துவிட்டுப் போனாள் தாட்சாயணி.

கேம் வெளியானது. திரையில் ஓடும் வசன எழுத்து ஒன்று, காதில் குரல் வேறு. ஆடியவர்கள் கஜேந்திரனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவர் கொதித்தார். வசனத்துக்குப் பொறுப்பு லூர்துமேரி, இரண்டு பேரும் கூட்டு என்று சொல்லி அவளை அன்றே வேலையை விட்டுத் துரத்தினார். ஒப்பந்தத்தை மீறிய தாட்சாயணிதான் துரோகி என்றார். கொற்றியின் நெறியை முறித்த அவர்தான் துரோகி, நான் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றாள் தாட்சாயணி. லூர்துமேரி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கொற்றியின் நெறிப்படியே தீர்ப்புச் சொல்லுங்கள். இதில் காட்டிக்கொடுத்தவர் யார்?

விடை: கஜேந்திரன் கொற்றியைக் கெடுத்தவர், அதற்கு ஆடியவர்கள் கொடுத்தது போதாது. ஆனால் அவரைத் தாட்சாயணி காட்டிக்கொடுக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னாள், கப்பல் தலைவனைப் போல அவர்தான் சிரித்தார். சொல்லாமல் விற்கப்பட்டவள் லூர்துமேரி, விற்றவள் தாட்சாயணி. மாற்றாமல் பேச மாட்டேன் என்று கொதித்த வரியை லூர்துமேரியிடம் அவள் பேசத்தான் செய்தாள். வெந்நீரைக் கையில் வாங்கிக்கொண்டு "வந்துச்சு" என்றாளே, அதுதான் "நிம்மதியாகத் தூங்கு".