கல் விழுங்கிய கவுதாரி

பிள்ளைகளே, ஆற்றை ஒட்டிய காடு ஒன்றில் ஒரு கவுதாரி அடைகாத்து வந்தது. காலையில் புல்லரிசி பொறுக்கும். பிறகு ஆற்று மணலுக்குப் போய், மிளகளவு கற்களாகப் பார்த்து நாலைந்து விழுங்கும்.

பக்கத்து மரத்து அணில் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டது.

"என்ன அக்கா, கல்லைத் தின்கிற அளவுக்கா வீட்டில் பஞ்சம்?"

"பஞ்சமெல்லாம் இல்லை தம்பி. எனக்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியம் கழுத்தடிப் பையில் ஊறி வயிற்றுக்கு இறங்கும். அங்கே இந்தக் கற்கள்தான் அரைத்துக் கொடுக்கும்."

"வயிற்றுக்குள் ஆட்டுக்கல்லா! நான் கொட்டையையே கடித்துத் தின்கிறேன். நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள் அக்கா."

கவுதாரிக்கு முகம் செத்துப்போயிற்று. யார் யார் பார்த்தார்களோ, என்னென்ன பேசினார்களோ என்று நாளெல்லாம் அதே நினைப்பு. மறுநாளிலிருந்து மணல் பக்கமே போகவில்லை.

வயிற்றில் இருந்த பழைய கற்கள் நாளாக நாளாகத் தேய்ந்து போயின. தின்ற தானியம் தின்றபடியே கிடந்தது. வயிறு கனத்தது; உடம்போ இளைத்தது. எட்டுக் குஞ்சுகள் பொரித்து வெளியே வந்தபோது, தாய்க்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை.

ஒரு மாலை காட்டுப்பூனை அந்தப் புதரை மோப்பம் பிடித்து வந்தது.

"பற அக்கா, பற!" என்று அணில் கத்தியது.

கவுதாரி சிறகை விரித்தது. எழும்ப முடியவில்லை. "நான் முன்னால் பறந்து பூனையை இழுத்துப் போனால்தானே குஞ்சுகள் பிழைக்கும்! ஐயோ, என்ன செய்வேன்!"

அணில் சட்டென்று இறங்கிப் பூனையின் எதிரே வாலை ஆட்டிவிட்டு ஓடியது. பூனை அதைத் துரத்திப் போய், ஏமாந்து, காட்டுக்குள் போயிற்று.

மூச்சிரைக்கத் திரும்பிய அணில் கேட்டது: "வேளைக்கு வேளை தின்றாயே அக்கா, ஏன் இப்படி?"

"தின்றேன் தம்பி. அரைக்கத்தான் உள்ளே ஒன்றும் இல்லை."

அணில் உடனே ஆற்றுக்கு ஓடியது. வாய் நிறையக் கல்லோடு திரும்பும்போது ஒரு முயல் மறித்தது.

"என்ன அணிலாரே, வீட்டில் பஞ்சமோ?"

பதில் சொல்ல அணிலுக்கு வாய் ஏது? நிற்காமல் ஓடியது. இருட்டும் வரை இப்படியே கல் சுமந்தது.

சில நாளில் பூனை மறுபடி வந்தது. கற்களை விழுங்கித் தெம்பு தேறியிருந்த கவுதாரி விருட்டென்று எழும்பி, அதன் மூக்குக்கு முன்னால் தாழப் பறந்து, ஆற்றுக்கரை வரை இழுத்துப் போய்விட்டுத் திரும்பியது. புதரடியில், அணில் கொட்டி வைத்த கற்களை எட்டுக் குஞ்சுகளும் கொத்திக்கொண்டிருந்தன.

நீதி: நாலு பேர் சிரிப்பார்களே என்று நம் வயிற்றுக்கு வேண்டியதை விட்டுவிடக் கூடாது.